மறுபரிசோதனை நெருங்கும்போது வரும் பயத்தைத் தள்ளி வைப்பது சரியா?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. கும்பகோணத்துக்கு அருகில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். இடது மார்பில் புற்றுநோய் என்று தெரிந்து, அறுவைச் சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. இப்போது தினமும் ஒரு டமாக்சிஃபென் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருத்துவரிடம் மறுபரிசோதனை. அடுத்த பரிசோதனைக்கு இன்னும் 19 நாட்கள் இருக்கின்றன.

மருத்துவர் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை, போய் வாருங்கள்" என்று சொன்ன பிறகு ஐந்தாறு வாரங்கள் நான் பழைய மனுஷியாகவே இருக்கிறேன். அடுத்த தேதி நெருங்க நெருங்கத்தான் தொல்லை தொடங்குகிறது. காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போதே வலது கை கத்தியைக் கீழே வைத்துவிட்டு இடது அக்குளுக்குப் போய்விடுகிறது. தழும்பின் ஓரத்தில் எப்போதும் இருக்கிற அந்தத் தடிப்பைத் தடவி, நேற்றைவிடப் பெரிதாகிவிட்டதோ என்று விரல்நுனியால் அளக்கிறது. நேற்று எண்ணிப் பார்த்தேன்: பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் மட்டும் ஏழு முறை. ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டின் பாதியை எழுதிவிட்டு, அடுத்த வரி என்னவென்று தெரியாமல் சாக்பீஸைப் பிடித்தபடி நின்றேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி "மைனஸ் ஆறு, டீச்சர்" என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தாள்.

என் அக்கா, "அதையே நினைக்காதே, நீ பயந்தால் அந்தப் பயமே நோயைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிடும்" என்கிறார். உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர், உள்ளே எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது, அழுது தீர்த்துவிட வேண்டும் என்கிறார். இருவரும் என் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் இருவர் சொல்வதையும் ஒரே நேரத்தில் என்னால் செய்ய முடியாது.

இதில் எனக்குப் புரியாத ஒன்றும் இருக்கிறது. கீமோ நடந்தபோது என் மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய கடைசித் தேர்வு முடியும் வரை இதைப் பற்றி யோசிப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏறக்குறைய மூன்று வாரங்கள் மனம் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டே இருந்தது. அன்று முடிந்தது இன்று ஏன் முடியவில்லை? துன்பம் தரும் நினைவுகளை இப்படித் தள்ளி வைப்பது என்னை நானே ஏமாற்றிக்கொள்வதாகுமா? அக்கா சொல்வது போல் பயத்துக்கும் நோய் திரும்புவதற்கும் தொடர்பு உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மருதாணி எழுதியது:

அன்புத் தங்கைக்கு, நான் மதுரை. எனக்கு 61 வயது. எனக்கும் இதே நோய் வந்து ஒன்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. நீங்கள் எழுதிய அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும். பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கிற நேரத்தில்கூட என் கை அப்படிப் போயிருக்கிறது. யாராவது பார்த்துவிட்டார்களோ என்று முந்தானையை இழுத்து மூடியிருக்கிறேன்.

நான் சிகிச்சை பெற்ற இடத்தில் இருந்த ஆலோசகர் ஓர் அம்மையார் எனக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். நினைக்காதே என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. "நினையுங்கள், ஆனால் நேரம் குறித்து நினையுங்கள்" என்றார். எங்கள் வீட்டில் நாட்காட்டித் தாளைத் தினமும் காலையில் கிழிப்பது என் வேலை. கிழித்த தாளை எறியாமல் அதன் பின்பக்கத்தில், பயம் தலைகாட்டும்போதெல்லாம் இரண்டே சொற்களில் எழுதி வைப்பேன்: "தோள் வலி", "பேரன் கல்யாணம்", "போன தடவை டாக்டர் முகம்", இப்படி. எழுதி, நான்காக மடித்து, கடுகு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, "ஐந்தரைக்கு வா" என்று வாய்விட்டே சொல்வேன். சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கொல்லைப்படியில் உட்கார்ந்து தாளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதன் முழு அளவுக்கு நினைப்பேன். அழுகை வந்தால் அழுவேன். ஆறு மணிக்கு விளக்கேற்ற எழுந்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் அது தவறாது என்பதால், அந்த அரை மணிக்கு ஒரு கதவு இருந்தது.

முதல் வாரம் சுத்தமாகப் பலிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். காலை பத்து மணிக்கே தாள் நிறைந்துவிடும். எழுதிய அடுத்த நிமிடமே அதே நினைவு திரும்ப வந்து நிற்கும். அப்போது சண்டை போடாமல், ஏற்கெனவே எழுதியிருப்பதன் பக்கத்தில் ஒரு கோடு மட்டும் போடச் சொன்னார் அந்த அம்மையார். நான்காவது வாரத்தில்தான் ஒரு மாற்றத்தைக் கண்டேன். காலையில் வயிற்றைப் பிசைந்த சொல், மாலையில் பிரித்துப் படிக்கும்போது வெறும் சொல்லாகக் கிடந்தது. எல்லாச் சொல்லும் அப்படி ஆகவில்லை. பேரன் கல்யாணம் என்ற சொல் இன்றும் கனக்கிறது. அவனுக்கு இப்போது பத்து வயது.

உளவழி எழுதியது:

சகோதரி காவிரிக்கரை அவர்களுக்கு, நான் மருத்துவ உளவியலாளராகப் பல ஆண்டுகளாகப் புற்றுநோய் நோயாளிகளோடு பணியாற்றி வருகிறேன். மருதாணி அம்மா சொன்ன முறை எங்கள் துறையில் நெடுநாளாகப் புழங்கி வருவதுதான். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் உடன் பணியாற்றியவர்களும் 1983-இல் இதை விரிவாக எழுதினார்கள்: கவலை எழுவதைக் கவனிப்பது, அதை ஒரு குறித்த நேரத்துக்கும் குறித்த இடத்துக்கும் ஒத்திப்போடுவது, அதுவரை கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புவது, அந்த நேரம் வந்ததும் அரை மணி நேரம் கவலைக்கென்றே உட்கார்வது. நாள் முழுவதும் அடுப்படி, வகுப்பறை, படுக்கை என்று எல்லா இடங்களோடும் கவலை ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடங்களே கவலையை எழுப்பத் தொடங்கிவிடும். அதை ஓரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே இதன் நோக்கம். படுக்கையை மட்டும் அந்த இடமாக ஒருபோதும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அக்கா சொல்லும் "நினைக்காதே" ஏன் பலிப்பதில்லை என்பதை நம் ஊர்க் கதையே சொல்கிறது. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொல்லி அனுப்பினாராம். கிண்ணத்தை எடுத்த ஒவ்வொரு முறையும் குரங்குதான் முன்னால் வந்து உட்கார்ந்ததாம். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் வெளியிட்ட ஆய்வு ஏறத்தாழ இதையேதான் சோதித்தது. மாணவர்களிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருக்கச் சொல்லி, நினைவு வந்தால் மணியடிக்கச் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதன் பிறகு தாராளமாக நினைக்கலாம் என்றபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அவர்களுக்குக் கரடி நினைவு அதிகமாக வந்தது. ஒரு நினைவு வந்துவிட்டதா என்று மனம் காவல் காக்கும்போது, அந்தக் காவலே நினைவை அழைத்து வருகிறது.

ஆனால் தள்ளி வைப்பது எல்லாமே கெடுதல் என்று இதிலிருந்து முடிவு கட்டுவதும் தவறு. எங்கள் துறையிலேயே பலர் பல காலம் அப்படிச் சொல்லி வந்தோம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சுல்காயதா மாமத், மைக்கேல் ஆண்டர்சன் இருவரும் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், 16 நாடுகளைச் சேர்ந்த 120 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, தங்கள் அச்சத்தை நினைவூட்டும் ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டே, அது எழுப்பும் காட்சி மனத்தில் விரியாமல் நிறுத்தப் பயிற்சி அளித்தார்கள். மூன்று நாள் பயிற்சிக்குப் பின் அந்த அச்சங்களின் கூர்மை மழுங்கியது. எதிர்பார்த்தது போல் அவை பெருகித் திரும்பவில்லை. இவர்கள் அச்சம் இருப்பதையே மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சொல்லை நேருக்கு நேர் பார்த்தார்கள். அது சில நொடிகளில் திரைப்படமாக ஓடத் தொடங்குவதை மட்டும் நிறுத்தினார்கள். மருதாணி அம்மா இரண்டே சொற்களில் எழுதி மடித்து வைத்ததில் இந்தக் கூறும் கலந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் மகளின் தேர்வுக்காலத்தில் முடிந்தது இப்போது ஏன் முடியவில்லை என்று கேட்டீர்கள். அன்று உங்கள் ஒத்திவைப்புக்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது. அதுவரை செய்வதற்கு வேலையும் இருந்தது. தேர்வு முடிந்ததும் உன்னிடம் வருகிறேன் என்று மனத்துக்கு வாக்குக் கொடுத்தீர்கள், மனம் நம்பியது. இன்று நீங்கள் அதற்குச் சொல்வது "எப்போதும் வராதே" என்பது. அதை அது எப்படி நம்பும்? வாக்குக் கொடுத்த நேரத்தில் போய் உட்காராவிட்டால் அடுத்த நாள் ஒத்திவைப்பு பலிக்காது. ஆகவே "இன்று நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று அந்த அரை மணியை முதல் மாதத்தில் தவிர்த்துவிடாதீர்கள். உட்கார்ந்து பார்த்து, சொல்ல ஒன்றும் இல்லை என்றால் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடலாம்.

பயம் நோயைத் திரும்பக் கொண்டுவரும் என்ற நம்பிக்கையைப் பற்றி நான் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இது நோயாளியின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுகிறது. நோய் வந்தவர் பயப்படுவதற்காகவும் குற்றவாளி ஆக்கப்படுகிறார். லண்டனில் நடந்து 1979-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு, போராடும் மனநிலை உள்ளவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு என்று சொன்னது உண்மை. அந்தச் செய்திதான் உலகெங்கும் பரவியது. ஆனால் மேகி வாட்சனும் குழுவினரும் மார்பகப் புற்றுநோயின் தொடக்க நிலையில் இருந்த 578 பெண்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1999-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், போராடும் மனநிலைக்கு அப்படி எந்தப் பயனும் தென்படவில்லை. ஆழ்ந்த மனச்சோர்வும் முழுமையான நம்பிக்கையிழப்பும் தனியாகச் சிகிச்சை பெற வேண்டியவை என்பதை அந்த ஆய்வின் முடிவுகளும் வலியுறுத்துகின்றன. நீங்கள் எழுதியிருப்பது அந்த நிலை இல்லை. பரிசோதனைத் தேதி நெருங்கும்போது வரும் இந்தப் பயம், இந்த நோயைக் கடந்து வந்தவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படுவது. அக்காவிடம் இதைச் சொல்லுங்கள், அவருக்கும் ஒரு பாரம் இறங்கும்.

கையைப் பற்றி: தடவிப் பார்ப்பதை மாதத்துக்கு ஒரு முறை, ஒரு குறித்த தேதியில், முறையாகச் செய்வது என்று உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு நாளில் ஏழு முறை அழுத்தினால் அந்த இடம் கன்றிப்போய், அந்த வலியே அடுத்த பயத்துக்குக் காரணமாகும். ஆஸ்திரேலியாவில் நோய் திரும்பும் அச்சத்துக்கென்றே உருவாக்கி, 222 பேரிடம் சோதித்து 2017-இல் முடிவுகளை வெளியிட்ட ஒரு சிகிச்சை முறையிலும், கவனத்தைத் திருப்பும் பயிற்சியோடு, உடலை எவ்வளவு அடிக்கடி சோதிப்பது என்பதற்கு ஒரு வரையறை வகுப்பதும் ஒரு பகுதியாக இருந்தது.

தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டாலோ, வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் வந்தாலோ, இந்த முறையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரிடம் நேரே சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

பொருநை எழுதியது:

எல்லாரும் தள்ளி வைக்கும் முறையைச் சொல்கிறீர்கள். நான் அதனால் இழந்தவன் என்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது. என் மனைவிக்கும் இதே நோய்தான். சிகிச்சை முடிந்து மூன்றாம் ஆண்டில் அவளுக்கு முதுகின் நடுவில் வலி தொடங்கியது. அவள் சொல்லவில்லை. அரிசி மூட்டையை நகர்த்தியதால் வந்தது என்று தனக்குத் தானே ஒரு காரணம் சொல்லி ஒதுக்கி வைத்தாள். நானும் அவள் முகம் சுளிப்பதைப் பார்த்தேன். கேட்டால் அவள் பயந்துவிடுவாளோ என்று நானும் ஒதுக்கி வைத்தேன். "நல்லதையே நினைப்போம்" என்பது எங்கள் வீட்டின் சட்டமாக இருந்தது. இரவில் அவள் புரண்டு படுக்கும்போது கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொள்வாள். அந்த மரம் கிறீச்சிடும் ஓசையை நான் நான்கு மாதம் கேட்டுக்கொண்டே தூங்குவது போல் கிடந்தேன். நான்காம் மாதம் கால் மரத்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம். நோய் எலும்புக்குப் போயிருந்தது. முன்பே போயிருந்தால் உயிர் பிழைத்திருப்பாள் என்று எந்த மருத்துவரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் அந்த நான்கு மாத வலியை அவள் தனியாகத் தாங்கியிருக்க வேண்டியதில்லை என்று சொன்னார்கள்.

சகோதரி, நினைவைத் தள்ளி வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. உடம்பு சொல்வதைத் தள்ளி வைக்காதீர்கள். உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதையும் கவனித்தேன்.

உளவழி எழுதியது:

பொருநை ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. எழுதுவது எளிதாக இருந்திருக்காது என்று அறிவேன். நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். புதிதாகத் தெரியும் கட்டி, விடாத எலும்பு வலி, மார்பு வலி, மூச்சு வாங்குதல், தொடர்ந்த தலைவலி ஆகியவை கடுகு டப்பாவுக்கு அடியில் வைக்க வேண்டியவை அல்ல. அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் தொலைபேசியில் சொல்ல வேண்டியவை. கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நான் என் நோயாளிகளிடம் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன்: "இந்த நினைவுக்கு நான் இன்று செய்யக்கூடிய வேலை ஏதாவது உண்டா?" உண்டு என்றால் அது மாலைக்குப் போகக் கூடாது, அப்போதே செய்துவிட வேண்டும். செய்வதற்கு ஒன்றும் இல்லாததை மட்டுமே ஐந்தரை மணிக்கு வரச் சொல்லலாம்.

உங்கள் வீட்டில் நடந்தது ஒத்திவைப்பு இல்லை ஐயா, இருவரும் மற்றவருக்காகக் காத்த மௌனம். அதில் உங்கள் அன்பும் இருந்தது. உங்களை மட்டும் குற்றம் சாட்டிக்கொள்ளாதீர்கள்.

காவிரிக்கரை எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பதினோரு நாட்கள் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் நாட்காட்டித் தாளை மாமனார் சேர்த்து வைத்துக்கொள்வதால், நான் வீட்டுப்பாட நோட்டுகளின் கடைசி வெற்றுத்தாள்களைப் பயன்படுத்துகிறேன். பள்ளியிலிருந்து வந்ததும் மாடிப்படியின் திருப்பத்தில் 5 மணி முதல் 5.30 வரை. முதல் நான்கு நாட்கள் மருதாணி அக்கா சொன்னது போலவே வெறும் கோடுகளாகப் போட்டுத் தள்ளினேன். ஒரு நாள் 31 கோடுகள். ஐந்தாம் நாள் பள்ளியில் திறனாய்வுக் கூட்டம் நீண்டு அந்த அரை மணி தவறிப்போனது. அன்றிரவு இரண்டு மணி வரை தூக்கமில்லை. உளவழி ஐயா சொன்ன வாக்கு விஷயம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. மறுநாளிலிருந்து கூட்டம் இருந்தாலும், பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிடமாவது தாளைப் பிரித்துவிடுகிறேன்.

கை இன்னும் போகிறது. போன பிறகு அல்ல, போகும் வழியிலேயே இப்போது தெரிகிறது. கத்தியைக் கீழே வைக்கிற நேரத்திலேயே பிடித்துவிடுகிறேன். நேற்று மூன்று முறை.

பொருநை அண்ணா, உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு அன்று முழுவதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் கேட்காமல் இருந்ததை அவருக்குக் கவலை இல்லை என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை தாளை அவரிடம் நீட்டினேன். படித்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தன் சட்டைப்பையிலிருந்து ஒரு மருந்துக்கடைச் சீட்டை எடுத்தார். அதன் பின்பக்கத்தில் என் மறுபரிசோதனைத் தேதிகள் எல்லாம், அறுவைச் சிகிச்சை நாள் முதல், வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் ஒரு டிக். வரப்போகும் தேதிக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

இடுப்பில் திங்கட்கிழமையிலிருந்து ஒரு வலி இருக்கிறது. காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டுகளை மாடிக்குத் தூக்கியதால் வந்ததாகத்தான் இருக்கும் என்று எழுதப் போனேன். எழுதாமல், இன்று மதிய இடைவேளையில் மருத்துவமனைக்குப் பேசிச் சொல்லிவிட்டேன். வரும் வாரம் பரிசோதனையின்போது அதையும் பார்ப்பதாகவும், அதற்குள் வலி கூடினால் உடனே வரும்படியும் செவிலியர் சொன்னார். அந்த வலி இன்றைய தாளில் இல்லை. வேறு நான்கு சொற்கள் இருக்கின்றன. மணி ஐந்தாகிறது, அவரும் படியில் வந்து உட்கார்ந்துவிட்டார்.